ஸ்காட்ச் ஐரிஷ் பூர்வீகம் தேடித் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வம்சாவளி ஆய்வு என்று சொல்லி எங்கள் குடும்பத்திடம் 1,800 டாலர் வாங்கிக்கொண்டு ஒருவர் பொய் ஆவணங்களைக் கொடுத்திருக்கிறார். என் மாமியார் வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் பிறந்தவர், ஸ்காட்ச் ஐரிஷ் வழி. 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் குடியேறி, குத்தகை ஏற்றம் தாங்காமல் 1717க்குப் பிறகு அலையலையாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய, பிரஸ்பிடீரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த சனங்கள் இவர்கள். முதலில் வந்தவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துகொள்வது அவருடைய பல வருட ஆசை.

வந்தது தோல் அட்டை போட்ட புத்தகம். முகப்பில் தங்க நிறத்தில் 'குடும்பச் சின்னம்'. பிரிட்டிஷ் வழக்கப்படி இந்த மாதிரிச் சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான் சொந்தம், ஒரே குடும்பப்பெயர் உள்ள எல்லோருக்கும் அல்ல. அதைக்கூட விட்டுவிடலாம். உள்ளே 1729இல் பென்சில்வேனியாவின் பிலடெல்பியா துறைமுகத்தில் இறங்கிய பயணிகளின் பட்டியல் என்று ஒரு பக்கத்தின் படம் இருந்தது. கோடு போட்ட தாள், வயது, தொழில், நாடு என்று அச்சடித்த கட்டங்கள்.

அப்படி ஒரு பட்டியல் இருக்கவே வாய்ப்பில்லை. 1727 முதல் பென்சில்வேனியா பெயர் எழுதி உறுதிமொழி வாங்கியது அந்நியர்களிடம், அதாவது ஜெர்மானியர்களிடம். அல்ஸ்டர்காரர்கள் பிரிட்டிஷ் மன்னரின் குடிகள், அவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. கப்பல் தலைவர்கள் பயணிகள் பட்டியல் கொடுத்தாக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் வந்தது 1819இல்தான்.

அடுத்து ஒரு உயில், 1741இல் வர்ஜீனியாவின் அகஸ்டா கவுண்டி (மாவட்டம் மாதிரி) கோர்ட்டில் பதிவானதாம். அந்தக் கவுண்டிக்குச் சட்டம் 1738இல் வந்தது உண்மை, ஆனால் 1745 வரை அங்கே கோர்ட்டே கூடவில்லை. அதுவரை எல்லா வேலையும் ஆரஞ்சு கவுண்டியில்தான் நடந்தது.

புத்தகத்தில் இருந்த ஞானஸ்நானப் பதிவின் அசல் எங்கே என்று கேட்டோம். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் போய்விட்டது என்றார். தீயில் போனதை இவர் எப்படிப் பார்த்தார்? அங்கே எரிந்த தேவாலயப் பதிவேடுகள் சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற வேறொரு சபையினுடையவை. பிரஸ்பிடீரியன் பதிவேடுகள் பொதுவாக அந்தந்தச் சபையிடமே இருந்தன.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 'உழைப்புக்குத்தான் கூலி, முடிவுக்கு உத்தரவாதம் இல்லை' என்று பதில் வந்தது. தேடியும் கிடைக்கவில்லை என்று நேர்மையாக எழுதிக் கொடுத்திருந்தால் முழுப் பணத்தையும் மனமாரக் கொடுத்திருப்போம். கார்டு நிறுவனமும் பொருள் வந்து சேர்ந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டது. அப்புறம் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்தோம். இந்த மோசடி நூறு வருடப் பழசு. குஸ்டாவ் ஆன்ஜூ (Gustave Anjou) என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணக்கார அமெரிக்கர்களுக்குப் போலி வம்சாவளி எழுதிக் கொடுத்தே பிழைத்தார். அவற்றை இன்றும் நம்பி நகல் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையான தடயம் கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. சொந்தச் செலவில் வந்தவர்களுக்கு வர்ஜீனியா கொடுத்த தலைக்கு 50 ஏக்கர் நிலத்தைக் கேட்பதற்காக 1740இல் பலர் ஆரஞ்சு கவுண்டி கோர்ட்டில் நின்று, அயர்லாந்திலிருந்து பிலடெல்பியா வழியாகச் சொந்தச் செலவில் வந்தோம் என்று சத்தியம் செய்தார்கள். மனைவி, பிள்ளைகள் பெயரும் சிலவற்றில் உண்டு. மாமியாரின் குடும்பப்பெயருள்ள ஒருவர் அதில் இருக்கிறார். இவர்தான் அவர் என்று இன்னும் சொல்ல முடியாது, ஜான், ஜேம்ஸ், வில்லியம் என்று அதே பெயரில் பக்கத்து நிலங்களிலும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். நில ஆவணங்களில் எல்லையை ஒட்டிய பக்கத்து நிலக்காரர்கள் யார் யார் என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

யாரிடம் வேலை கொடுத்தாலும் ஒவ்வொரு தகவலுக்கும் எந்தக் காப்பகம், எந்தத் தொகுதி, எத்தனையாவது பக்கம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பணத்தை அதைச் சரிபார்த்த பிறகு கொடுங்கள். 1700களின் பயணிகள் பட்டியல் என்று அச்சடித்த கட்டங்களோடு உங்களுக்கும் ஏதாவது வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், எங்கள் புகாரோடு சேர்த்து அனுப்புகிறேன்.