புளிப்பு பியர்னு சொல்லி கெட்டுப்போனத தலையில கட்டிட்டானுங்க, 486 வெள்ளி போச்சு

கே.எல்.ல (கோலாலம்பூர்ல) ஆன்லைன்ல கிராஃப்ட் பியர், அதான் சின்ன ஆலைங்க காய்ச்சுற பியர், வாங்குறவங்க தயவுசெஞ்சு இத படிச்சிட்டு காச போடுங்க. கோவத்துல கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா விட்டுடுங்க. 12 டின் ஃப்ரூட்டட் சோர் (பழம் போட்ட புளிப்பு பியர்), 486 வெள்ளி (ரிங்கிட்), ஒரு டின்கூட குடிக்க முடியல. எப்படி உஷாரா இருக்கணும்னு கடைசில சொல்றேன், முதல்ல நடந்தத சொல்லிடறேன்.

எனக்கு சோர் பியர் ரொம்ப பிடிக்கும். அம்ரா அசாம்போய் புளிப்பு ஜூஸ் குடிச்சு வளர்ந்த நாக்கு இது, புளிப்பு எனக்கு புதுசு இல்ல. தயிர உறைய வைக்கிற வகை பாக்டீரியா இருக்கே, லேக்டோபேசிலஸ், அத வச்சித்தான் இந்த பியர புளிக்க வைப்பாங்க, அப்புறம் ராஸ்பெர்ரி, மாம்பழம், பேஷன் ஃப்ரூட்னு பழக்கூழ் சேர்ப்பாங்க. நல்ல சோர் வாயில பட்டதும் சுருக்குனு இழுக்கும், பின்னாடியே பழவாசம் ஏறும், முழுங்கினதும் வாய் சுத்தமா இருக்கும், அடுத்த மடக்கு எப்போன்னு இருக்கும்.

ஆனா கூழ் நிறைய போட்டத குளிர்லயேதான் வச்சிருக்கணும். பழத்தோட சீனி உள்ள மிச்சம் இருக்கும், சூடு பட்டா அடியில கிடக்குற ஈஸ்ட் முழிச்சிக்கிட்டு அந்த சீனிய சாப்பிட ஆரம்பிச்சிடும், கேஸ் ஏறி டின் உப்பும், சில நேரம் வெடிச்சே போயிடும். இது தெரிஞ்சதாலதான் நான் காசு போடறதுக்கு முன்னாடியே கடைக்காரன்கிட்ட கேட்டேன், தம்பி எப்படி அனுப்புவீங்க, இங்க வெயில் தெரியும்லனு.

அதுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புனான். "அக்கா, நம்ம ஆளுங்களுக்குப் போய் கெட்ட சாமான் குடுப்பேனாக்கா? ஐஸ் பாக்ஸ்ல வச்சி நானே காடில (கார்ல) கொண்டாந்து இறக்கறேன், நீங்க கவலையே படாதீங்க." அதோட விட்டானா, எத முதல்ல திறக்கணும், எத கடைசில திறக்கணும், உப்பு போட்ட கோஸ்ங்கற சோர் பியர முதல்ல குடிங்க, கெட்டியான மாம்பழத்த கடைசில வைங்கனு ஒரு பாடமே நடத்துனான். தமிழ்ல பேசறான், அக்கா அக்காங்கறான், விஷயம் தெரிஞ்சவனா வேற இருக்கான், அந்த நிமிஷமே டியூட்நவ் பேங்க் டிரான்ஸ்ஃபர்ல 486 வெள்ளிய போட்டுட்டேன். அந்த குரல இப்ப திரும்பக் கேட்டா பத்திக்கிட்டு வருது.

சனிக்கிழமை மத்தியானம், கொளுத்துற வெயில். அவனும் வரல, காடியும் வரல. மோட்டார்ல யாரோ ஒருத்தன் வந்து சும்மா அட்டைப்பெட்டிய கார்ட் ஹவுஸ்ல (காவலாளி அறைல) போட்டுட்டுப் போயிட்டான். ஐஸ் இல்ல, பாக்ஸ் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பெட்டிய தொட்டாலே சுடுது. உள்ள பாத்தா நாலு டின் அடிப்பக்கம் உப்பி நிக்கவே மாட்டேங்குது. தேதி இருக்கிற இடத்துல கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு, உரிச்சுப் பாத்தா தேதி எப்பவோ முடிஞ்சு போச்சு! ஃபிரெண்ட்ஸ் வேற வந்துட்டாங்க. உப்பாதத ஃப்ரிஜ்ல வச்சி ஆறவிட்டு சிங்க் மேல பிடிச்சு திறந்தா அப்பவும் நுரை சீறி சுவரெல்லாம் ராஸ்பெர்ரி. மிச்சத்த ஊத்தி ஒரு வாய் வச்சேன். பழவாசம் சுத்தமா இல்ல, நனைஞ்ச அட்டை வாசம், ஈஸ்ட் கசப்பு, தண்ணியாட்டம் ஓடுது. சீனிய எல்லாம் ஈஸ்ட் தின்னு முடிச்சிருச்சு. அடுத்தத திறந்தோம், அதுவும் அப்படியேதான்.

உடனே போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்புனேன். பதில் என்ன தெரியுமா? "சோர் பியர்னா புளிக்கத்தான் செய்யும்க்கா, முதல் தடவ குடிக்கிறீங்களா?" எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். புளிப்புக்கும் கெட்டதுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நீ, அத்தனை பாடம் நடத்துனியே! புளிப்புங்கற பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு எத வேணா விக்கலாம், வாங்குறவ வாய மூடிக்கணும், அதான் இவனுங்க கணக்கு.

அப்புறம் டெலிவரிகாரன் தப்புன்னான். டெலிவரி கம்பெனிக்கு ஃபோன் அடிச்சா கடை எப்படி பேக் பண்ணுச்சோ அப்படித்தான் எடுத்தோம்ங்கறாங்க. மறுபடி இவன்கிட்ட வந்தா தவுக்கே (முதலாளி) லீவு, வந்ததும் கேக்கறேன்னான். உப்புன டின்ன திருப்பி அனுப்புங்க, செக் பண்ணிட்டு சொல்றோம்னு ஒரு மெசேஜ், எந்த நேரம் வெடிக்கும்னு தெரியாம வாளில போட்டு பால்கனில வச்சிருக்கேன், அத யாரு தூக்கிட்டுப் போறது? கடைசியா 30 வெள்ளி வவுச்சர், அதுவும் அடுத்த ஆர்டருக்குதானாம். 486 வெள்ளிக்கு 30 வெள்ளி! வேணாம், காச திருப்பிக் குடுன்னேன், அதோட ப்ளூ டிக் மட்டும்தான். அவங்க பேஜ்ல எழுதுன கமெண்டையும் தூக்கிட்டானுங்க.

சரி, உஷாருக்கு. குளிர்ல வராட்டி கார்ட் ஹவுஸ்லயே திருப்பி அனுப்பிடுங்க. தேதிய போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி பாத்துட்டு காசு போடுங்க. உப்புன டின்ன பக்கத்துல முகத்த வச்சி திறக்காதீங்க, கண்ணு போயிடும். மெசேஜ், வாய்ஸ், ரசீது எதையும் அழிக்காதீங்க. பயனீட்டாளர் ட்ரிபுனல்ல 5 வெள்ளி கட்டி கேஸ் போடலாம், ஆன்லைன்லயே ஃபார்ம் இருக்கு, 50,000 வெள்ளி வரைக்கும் எடுப்பாங்க, வக்கீல் வேணாம். நான் போடப் போறேன். வேற யாருக்காச்சும் உப்புன டின்னும் தேதி மேல ஸ்டிக்கரும் வந்திருந்தா எனக்கு பிஎம் பண்ணுங்க, எந்தக் கடைன்னு அங்க பேசிக்கலாம்.