பைராய்ட் ஓபரா விழா: டிக்கெட் முதல் மர நாற்காலி வரை

ஜெர்மனியின் பைராய்டில் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் ஓபராக்கள், அதாவது இசை நாடகங்கள், நடக்கும் கோடை விழாவுக்கு டிக்கெட் வாங்கப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். வருஷா வருஷம் தபாலில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வருஷம் விட்டுப்போனால் வரிசையில் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். இப்போது அந்தக் கதை இல்லை. ஜெர்மனிக்கு வேலைக்கு வந்ததிலிருந்து பல கோடைகளாகப் போய்வருகிறேன். எல்லாமே ஆன்லைனில் வாங்கிய டிக்கெட்டுகள்தான்.

விற்பனை தொடங்கும் நாளில் இணையதளம் முதலில் ஒரு காத்திருப்பு வரிசையில் நிறுத்தும். அந்த நேரத்தில் ரெஃப்ரெஷ் பட்டனைத் தொடாமல் இருப்பதே பெரிய சாமர்த்தியம். முறை வந்தபின் ஆற அமர யோசிக்க முடியாது என்பதால், எந்த நாடகம், எந்தத் தேதி, எவ்வளவு வரை செலவு என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். வாக்னரின் நான்கு நாடகங்கள் கொண்ட தொடர்கதையான ‘ரிங்’ முழுவதையும் பார்ப்பதென்றால் பர்ஸும் காலி, லீவும் காலி. தனி நாடகத்துக்கு ஒற்றை இருக்கை தேடுபவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அன்று கிடைக்காவிட்டாலும் விட்டுவிட வேண்டாம். வர முடியாதவர்கள் திருப்பித் தரும் டிக்கெட்டுகள் கோடை வரை அவ்வப்போது தலைகாட்டும். கடைசி நாளில்கூட அரங்க வாசலில் ‘டிக்கெட் தேவை’ என்று அட்டை பிடித்து நிற்பவர்களைப் பார்க்கலாம். கோட்டும் டையுமாக நிற்பார்கள். கிடைத்தால் அப்படியே உள்ளே போக வேண்டுமே!

இருக்கைக்கு வருவோம். வாக்னர் தன் படைப்புகளுக்காகவே கட்டி 1876-ல் திறந்த அரங்கம் இது. கிட்டத்தட்ட 1,900 பேர் உட்காரலாம். நாற்காலிகள் மரம், மெத்தை பேருக்குத்தான், கை வைக்கவும் இடமில்லை. ஏசி கிடையாது. வரிசைகளுக்கு நடுவே நடைபாதையும் இல்லை, இரண்டு பக்கக் கதவுகள் வழியாகத்தான் நுழைய வேண்டும். நடு இருக்கைக்காரர் வரும்வரை ஓரத்தில் இருப்பவர்கள் எழுந்து நின்றே காத்திருப்பார்கள். கதவைச் சாத்திவிட்டால் அந்த அங்கம் முடியும்வரை அசைய முடியாது. ரிங்கின் கடைசி நாடகத்தில் முதல் அங்கம் மட்டுமே இரண்டு மணி நேரம். மார்கழிக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு நழுவுகிறவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது.

இத்தனை அவஸ்தைக்கும் ஈடு கொடுப்பது அந்த ஒலி. இசைக்குழு நம் கண்ணுக்கே தெரியாது. மேடைக்கு அடியில் படிப்படியாக இறங்கும் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பார்கள்; மேலே வளைந்த மூடி. வாசிப்பது முதலில் மேடைப் பக்கம் போய், பாட்டோடு கலந்து, பிறகுதான் அரங்கத்துக்கு வருகிறது. வயலின் எது, கொம்பு எது என்று பிரிக்க முடியாதபடி ஒரே திரளாகக் கேட்கும். எத்தனை பெரிய இசைக்குழு முழங்கினாலும் பாடகர் குரல் அமுங்குவதில்லை. வாக்னரின் ‘பார்சிஃபால்’ ஓபராவின் முன்னிசையை நல்ல ஹெட்ஃபோனில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இங்கே இருட்டில் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாது. ஒலி எங்கும் ஒன்றுபோல வருவதால், அதிக விலை கொடுத்து முன் வரிசை வாங்குவது வீண் என்பது என் கருத்து. மேல் மாடத்தில் மலிவாகவே கேட்கலாம். தூண் மறைக்காத இடமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பெரும்பாலான நாடகங்கள் மாலை நான்குக்குத் தொடங்கும். இடைவேளை ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அது முடியப்போகும்போது மணி அடிக்க மாட்டார்கள். பித்தளை வாத்தியக்காரர்கள் பால்கனியில் வந்து, அடுத்த அங்கத்திலிருந்து ஒரு துணுக்கை ஊதுவார்கள்: பதினைந்து நிமிடம் இருக்கும்போது ஒரு தடவை, பத்தில் இரண்டு, ஐந்தில் மூன்று. முதல் ஊதலுக்கே கழிப்பறை வரிசை நீண்டுவிடும், அதற்கு முன்பே போய்விடுங்கள்.

மேடைக்கு மேல் வசன வரிகள் ஓடாது. கதையைப் படிக்காமல் போனால் ஜெர்மன் தெரிந்தாலும் திணறல்தான். முதல் தடவை என்றால் வாக்னரின் ‘லோஹென்கிரின்’ அல்லது ‘டான்ஹாய்சர்’ எடுங்கள். நீளமும் தாங்கக்கூடியது, இந்த விழாவின் கோரஸையும் வயிறாரக் கேட்கலாம். மேடை அமைப்பு பழைய காலத்துக் கோட்டை கொத்தளமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இயக்குநர்கள் கதையை எங்கெங்கோ கொண்டுபோய் வைப்பார்கள், பிடிக்காதவர்கள் கடைசியில் உரக்கவே ஊளையிடுவார்கள். அதுவும் இங்கே வழக்கம்தான்.

இடைவேளையில் ஒரு தடவையாவது அரங்கத்துக்கு முன்னால் உள்ள பூங்காவில் நடந்து பாருங்கள். நாஜிகள் காலத்தில் துரத்தப்பட்ட, கொல்லப்பட்ட யூதக் கலைஞர்களின் படமும் வரலாறும் தாங்கிய பலகைகள் வரிசையாக நிற்கின்றன. ஹிட்லர் இந்த விழாவின் அபிமான விருந்தாளி. வாக்னரே யூத வெறுப்பைக் கட்டுரையாக எழுதியவர். பலர் ஷாம்பெயின் கிளாஸோடு அந்தப் பலகைகளைக் கடந்து போகிறார்கள்.

தங்குமிடத்தை டிக்கெட் உறுதியான அன்றே பதிவு செய்துவிடுங்கள். சின்ன ஊர், விழா நாட்களில் அறை விலை எகிறும். நியூரம்பெர்க்கில் தங்கினால் ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஆனால் நீளமான நாடகம் இரவு பத்தைத் தாண்டும், அதனால் திரும்பும் ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.