பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி: நான்கு வருடம் கழித்து

2017-இல் வாங்கிய லேப்டாப். ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். டியூஷன் பிள்ளைகளுக்கு வினாத்தாள் அடிப்பதுதான் இதில் முக்கிய வேலை. 2021-இல் நிலைமை எப்படியென்றால், பவர் பட்டனை அழுத்திவிட்டு அரிசி களைந்து குக்கர் வைத்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இலவச கிளீனர் மென்பொருள் இரண்டைப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஸ்டார்ட்அப்பில் போய் உட்கார்ந்து இன்னும் தாமதமாக்கின. பழுது பார்க்கும் கடையில் ‘மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க’ என்றார்கள். அப்புறம் ஒருநாள் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சிபியு (பிராசஸர்) வெறும் 12 சதவீதம். டிஸ்க் மட்டும் 100-ஐ விட்டு இறங்கவே இல்லை.

5,400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5,400 சுற்று) டிஸ்க் நொடிக்கு 90 சுற்றுதான் சுற்றும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஹெட் (தட்டிலிருந்து படிக்கும் முனை) நகர்ந்து, தட்டில் அந்த இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். லேப்டாப்பில் காதை வைத்தால் ஹெட் அங்குமிங்கும் அலையும் ‘கிரிக் கிரிக்’ சத்தம் கேட்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி, எல்லாவற்றையும் சிப்பில் சேமிப்பது; அதில் சுற்றவும் நகரவும் எதுவும் கிடையாது.

பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே பொருந்தும் 240 ஜிபி சாட்டா வகை எஸ்எஸ்டியை 2,400 ரூபாய்க்கு வாங்கி நானே மாட்டினேன். பின்பக்க ரப்பர் பாதத்துக்கு அடியில் இரண்டு ஸ்க்ரூ ஒளிந்திருந்ததைக் கவனிக்காமல் நெம்பியதில் ஒரு கிளிப் உடைந்தது. நீங்கள் பார்த்துச் செய்யுங்கள். விண்டோஸைப் புதிதாகவே போட்டேன். 20 நொடிக்குள் திறந்தது. அன்று சும்மாவே நான்கைந்து முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்! அடுத்த வருடம் இன்னொரு 4 ஜிபி ரேம் சேர்த்தேன். பிரவுசரில் நிறைய டேப் திறந்தால் அது உதவுகிறது; ஆனால் முதல் செலவு எஸ்எஸ்டியாகத்தான் இருக்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை. அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிவிட்டேன். தமிழ்99 விசைப்பலகை முறைத் தட்டச்சு, லினக்ஸில் தட்டச்சுக்கு உதவும் ஐபஸ் மென்பொருள் மூலம் நன்றாகவே வருகிறது. பாமினியில் அடித்து வைத்திருந்த பழைய வினாத்தாள்களுக்கு மட்டும் அந்த எழுத்துருவைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்திருக்கிறேன். எஸ்எஸ்டி இதுவரை ஒருமுறைகூடத் தகராறு செய்யவில்லை. பேட்டரிதான் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. அடுத்து அதை மாற்ற வேண்டும்.