சோனி ஆர்எக்ஸ்100: சிறிய உடலில் பெரிய சென்சார்

2012-இல் சோனி வெளியிட்ட ஆர்எக்ஸ்100, கையடக்க டிஜிட்டல் கேமராக்களின் வளர்ச்சியில் ஒரு திருப்புமுனை என்றே சொல்வேன். இவ்வகைக் கேமராக்களில் பெரும்பாலானவை மெகாபிக்சல் எண்ணிக்கையிலும் ஜூமிலும் போட்டியிட்டுக்கொண்டிருந்தபோது, அவற்றின் சிறு சென்சாரைவிட (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்புள்ள 1 அங்குல வகைச் சென்சாரை, சுமார் 240 கிராம் எடையுள்ள உடலுக்குள் இது பொருத்திக் காட்டியது. அதன் பலன் மங்கிய வெளிச்சத்தில்தான் முழுமையாகத் தெரிகிறது. விளக்கொளியில் அமர்ந்திருப்பவரின் முகத்தை, லென்ஸின் துளையை அதிகபட்சமாக எஃப்/1.8 அளவுக்குத் திறந்து எடுத்தால், கன்னத்தின் நிழலில் புள்ளி புள்ளியாகத் தோன்றும் இரைச்சல் வெகுவாகக் குறைந்து, தோலின் இயல்பான நிறம் நிலைக்கிறது. ஜூமை முழுவதும் நீட்டினால் துளை எஃப்/4.9 ஆகச் சுருங்கி உள்ளே வரும் ஒளி குறைவதால் இந்த அனுகூலம் குறைந்துவிடுகிறது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லாததால் கடும் வெயிலிலும் திரையை மட்டுமே நம்ப வேண்டியிருப்பது உண்மையான குறை. பழையதாக வாங்குவோர், லென்ஸ் தடையின்றி நீண்டு சுருங்குகிறதா என்று கட்டாயம் இயக்கிப் பார்த்து வாங்குங்கள்.