சங்கமா, பேரவையா, நகரமா: பல்கலைக்கழக நகரில் ஒரு மாணவர் எங்கே சேர்வது?

கல்வியாண்டின் முதல் வாரத்தில் சங்கங்கள் எல்லாம் வரிசையாக மேசை போட்டு உட்காரும் அறிமுக நாளன்று, புதிதாக வந்த மாணவர் பத்துப் பதினைந்து தாள்களில் பெயர் எழுதிவிட்டு அறைக்குத் திரும்புவது வழக்கம். ஒரு மாதத்தில் மின்னஞ்சல் பெட்டி நிறைந்துவிடும்; பெயர் சொல்லிக் கூப்பிட மட்டும் அந்த நகரத்தில் ஒருவரும் இருக்கமாட்டார். நானும் முதலாண்டில் ஒன்பது இடங்களில் பெயர் கொடுத்தேன். அரையாண்டு முடியும்போது அவற்றில் ஒரே ஓர் இடத்தில்தான் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. அந்த நகரத்தில் நான் வேரூன்றியது அந்த வேலையால்தான். அதனால் பல்கலைக்கழகச் சங்கம், மாணவர் பேரவை, நகரத்துத் தன்னார்வ அமைப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிடும்போது எது புகழ்பெற்றது என்பதை ஒதுக்கிவிட்டு, புதியவருக்கு எது இடம் தருகிறது என்பதையே பார்க்கிறேன்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் தேவை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஊர் மாறி வந்தவர்களும் முதலாண்டு மாணவர்களும் எவ்வளவு நேரம் சேர்ந்திருந்தால் நட்பு உருவாகிறது என்பதைக் கணக்கிட்டார். அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லும் நிலைக்குச் சுமார் 90 மணி நேரமும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகிறது என்பது அவர் கண்டது. சேர்ந்து வேலை பார்க்கும் நேரத்தைவிட, ஓய்வாகச் சேர்ந்திருக்கும் நேரத்துக்கே வலிமை அதிகம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. மூன்று வழிகளையும் இந்த மணிக்கணக்கோடு பொருத்திப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன.

சங்கங்களில் பழைய பெருமை உடையவை விவாதச் சங்கங்கள். கேம்பிரிட்ஜ் யூனியன் 1815-லும் ஆக்ஸ்போர்டு யூனியன் 1823-லும் தொடங்கப்பட்டவை. பல்கலைக்கழகங்களுக்கான உலக விவாதப் போட்டி 1981-இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. அந்தப் போட்டியில் இருவர் கொண்ட நான்கு அணிகள் மோதுகின்றன. தலைப்பு 15 நிமிடங்களுக்கு முன்புதான் தெரியும். ஒவ்வொருவருக்கும் 7 நிமிடங்கள். முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் எதிரணியினர் குறுக்கிடக் கூடாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்குத் தனிப் பிரிவுகளும் உண்டு என்பதால், மொழிக்கு அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. சிந்தனையைக் கூர்மையாக்க இதைவிடச் சிறந்த பயிற்சியை நான் பார்த்ததில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு மாலை, மூன்று மணி நேரம் என்று வைத்தால், 50 மணி நேரத்தைத் தொட ஏறக்குறைய 17 வாரங்கள் ஆகும். அந்த நேரத்திலும் பெரும்பகுதி ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பதிலேயே கழிகிறது. கூச்ச சுபாவம் உள்ளவர் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிடுவதை அடிக்கடி காணலாம்.

நாடகக் குழு இதற்கு நேர்மாறு. வாரத்தில் நான்கு மாலைகள், தலா மூன்று மணி நேரம் ஒத்திகை என்றால், நான்கு வாரம் கடந்ததுமே 50 மணி நேரம் வந்துவிடும். அங்கே நடிக்கத் தெரியாதவருக்கும் வேலை இருக்கிறது. எனக்குக் கிடைத்தது ஒளியமைப்பு. இருட்டான சிறு அறையில் காதுக்கருவியோடு உட்கார்ந்திருப்பேன். மேடை மேலாளர் ‘தயார்’ என்று சொன்னதும் விரல் பொத்தானுக்குப் போகும். அடுத்த சொல் வரும்வரை மூச்சுகூடச் சத்தமில்லாமல் விடுவேன். விளக்குகள் அணைந்தபின் நடிகர்கள் இடறாமல் நடக்க, தரையில் ஒட்டிய துண்டு நாடாக்கள் பச்சையாக ஒளிரும். அந்த நாடாக்களை மாலையில் முழங்கால் போட்டு ஒட்டியவர்களில் நானும் ஒருவன் என்பது, வேறெந்த உறுப்பினர் அட்டையும் தராத உரிமையை எனக்குத் தந்தது. ஒத்திகை முடிந்து மேடையைக் கூட்டிவிட்டு, எல்லோரும் அதே தரையில் உட்கார்ந்து பேசும் அரைமணி நேரம்தான் ஹால் சொல்லும் ஓய்வு நேரம். குறையும் உண்டு: அரங்கேற்றம் நெருங்கும் வாரத்தில் படிப்பு பின்னுக்குப் போகும். தேர்வுக் கால அட்டவணையோடு அரங்கேற்ற நாளை ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

மாணவர் பேரவையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இடைக்காலத்தில் இத்தாலியின் போலோஞா பல்கலைக்கழகத்தில் மாணவர்களே தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்தெடுத்து ஆசிரியர்களின் நடத்தையைக் கட்டுப்படுத்தினார்கள் என்ற வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. ஆகவே இந்த வழியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நிதி ஒதுக்கீடு, கூட்டக் குறிப்பு, நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை ஆகியவற்றை இங்கேதான் நேரடியாகக் கற்க முடியும். ஆனால் தேர்தலில் நிற்க ஏற்கெனவே நாலு பேரைத் தெரிந்திருக்க வேண்டும். முதலாண்டில் வகுப்புப் பிரதிநிதியாக இருந்து பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் முடிவு செய்வதே முறை.

மூன்றாவது வழியைத்தான் மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பல்கலைக்கழக நகரங்களில் மாணவர்களுக்கும் நகரத்தாருக்கும் இடையிலான விலகல் பழையது. 1355-இல் ஆக்ஸ்போர்டில் ஒரு மதுக்கடையில் தொடங்கிய சண்டை பல உயிர்களைப் பறித்தது. அதே நகரத்தில் 1942-இல் நகரத்தாரும் கல்வியாளர்களும் சேர்ந்து தொடங்கிய பஞ்ச நிவாரணக் குழுதான், இன்று பல நாடுகளில் இயங்கும் தொண்டு அமைப்பான ஆக்ஸ்ஃபாம். இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று. வாசகசாலையில் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுவது, நகரப் பாடகர் குழு, முதியோர் இல்லப் பணி போன்றவற்றில் வாரம் இரண்டு மணி நேரம் என்றால், 50 மணி நேரத்துக்கு 25 வாரங்கள் ஆகும்; நட்பு மெதுவாகவே வளரும். ஆனால் விடுமுறையில் சங்கங்கள் பூட்டிக்கிடக்கும்போது ஊருக்குப் போக முடியாத மாணவருக்குத் திறந்திருக்கும் கதவு இது ஒன்றுதான். பாட்டி வயதினரும் பள்ளிப்பிள்ளைகளும் உள்ள கூட்டத்தில் உட்கார்ந்து, அந்த ஊர்ப் பேச்சைக் காதால் பழகுவதும் இங்கேதான். குழந்தைகளோடு பழகும் பணிக்குப் பல நாடுகளில் காவல்துறைச் சரிபார்ப்பு தேவை. அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் பருவத் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர் ஊதியமில்லாப் பணிக்கும் விதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். எந்த மாதம் ஊரை விட்டுப் போவோம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். உங்களோடு எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை காத்திருந்து ஏமாறக் கூடாது.

இந்த வழிகளுக்கு நடுவே நிற்கிறது ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நகரம். அங்கே ‘நேஷன்’ எனப்படும் 13 மாணவர் அமைப்புகள் உள்ளன. மாணவர்களே சமைத்து, பரிமாறி, பாடகர் குழு நடத்தி அவற்றைக் காக்கிறார்கள். 2010 வரை உறுப்பினராவது கட்டாயமாக இருந்தது. கட்டாயம் நீங்கிய பின்னும் அவை உயிரோடு இருப்பதற்கு, அங்கே எல்லோருக்கும் கைவேலை இருப்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

என் தீர்ப்பு இது: முதல் பருவத்தில் நாடகம், மாணவர் பத்திரிகை, வானொலி போன்று சேர்ந்து ஒன்றை உருவாக்கும் சங்கம் ஒன்று மட்டும், இரண்டாம் பருவத்திலிருந்து அதோடு நகரப் பணி ஒன்று, பேரவை அதற்குப் பிறகு. எந்தச் சங்கம் என்று தடுமாறுபவர் அறிமுக நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம், ‘அடுத்த வாரம் நான் வந்தால் எனக்கு என்ன வேலை?’ என்று கேட்கலாம். ‘குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள், தகவல் வரும்’ என்றால் நன்றி சொல்லி அடுத்த மேசைக்குப் போகலாம். ‘செவ்வாய் மாலை ஆறு மணிக்கு வாருங்கள், நாற்காலி அடுக்க இரண்டு பேர் குறைகிறார்கள்’ என்று சொன்னால், அந்தத் தாளில் பெயரை எழுதிவிடுங்கள்.