ட்யூட்டி லிஸ்ட்டை யார் எழுதுகிறார்? மனநலத் துறையில் மூன்று விதத் தலைமை

மேற்படிப்பு சீட்டுக்கான கவுன்சலிங் சமயத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு நாலைந்து ஜூனியர்களாவது வந்துவிடுவார்கள். மனநல மேற்படிப்பான எம்.டி. சைக்கியாட்ரி எடுக்கலாமா, எங்கே எடுக்கலாம் என்று கேட்பார்கள். ஸ்டைபண்ட் எவ்வளவு, ஹாஸ்டல் எப்படி, ஓ.பி.யில் கூட்டம் வருமா, தீசிஸ் தொல்லை உண்டா என்பதோடு விசாரணை முடிந்துவிடும். இந்தத் தடவை வந்த ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "அண்ணா, அந்த டிபார்ட்மெண்ட்ல பிஜிக்களை யாரு பாத்துக்கறாங்க?" பிஜி என்றால் மேற்படிப்பு படித்துக்கொண்டே வேலை பார்க்கும் மருத்துவர்.

"எச்.ஓ.டி. தான், வேற யாரு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. துறைத் தலைவரான எச்.ஓ.டி. துறையைப் பார்த்துக்கொள்கிறார், சரி. பிஜிக்களையும் அவரேதான் பார்த்துக்கொள்கிறாரா?

புதுச்சேரியைச் சுற்றி மருத்துவக் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி, காலாப்பட்டுப் பக்கம் பிம்ஸ், கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் என்று வரிசையாக இருக்கின்றன. தெற்கே போனால் சிதம்பரத்தில் பழைய ராஜா முத்தையா, இப்போது அரசுக் கல்லூரி. இவற்றில் எது உசத்தி என்று நான் சொல்லப் போவதில்லை. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் பயிற்சியின் தலைமை மூன்று வடிவங்களில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். சீனியாரிட்டியில் வந்த துறைத் தலைவரே பயிற்சியையும் நடத்துவது ஒன்று. தலைமைப் பதவி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேராசிரியர்களுக்குள் சுற்றி வருவது இன்னொன்று. தலைவர் தலைவராக இருக்க, பயிற்சிக்கென்று தனியாக ஒருவரை வைப்பது மூன்றாவது. மூன்றையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

மூத்தவரே எல்லாம்

நான் படித்த இடம் இந்த ரகம். பெயர் வேண்டாம். எங்கள் சார் அருமையான மருத்துவர். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியைக் கூட்டி வந்திருந்தார்கள். பதினைந்து நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை, தண்ணீர்கூடப் புகட்டித்தான் விட வேண்டும். நாங்கள் மூன்று பிஜிக்கள் மாற்றி மாற்றிப் "பேரு என்ன, இது எந்த ஊரு, இன்னிக்கு என்ன கிழமை" என்று கேட்டு ஓய்ந்து போயிருந்தோம். சார் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ரொம்ப சாதாரணமாக, "இந்தப் பட்டம் மல்லாட்டை போட்டீங்களா, முந்திரியோட நிறுத்திட்டீங்களா?" என்றார். அந்த மனிதர் தலையைத் திருப்பினார். அவ்வளவுதான், ஆனால் அன்றைக்கு நான் கற்றது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மூன்று வருஷத்தில் இப்படி நான் பார்த்தது நாலு தடவை. மற்ற நாளெல்லாம் அவர் தேசிய மருத்துவ ஆணையமான என்.எம்.சி.யின் இன்ஸ்பெக்ஷனுக்குப் படுக்கைக் கணக்கு, மருந்து இண்டெண்ட், மெடிக்கல் போர்டு, கோர்ட் சம்மன், டீன் மீட்டிங் என்று எங்கேயோ இருந்தார். துறையை நடத்தியது போக மிஞ்சிய நேரம்தான் எங்களுக்கு. மிஞ்சியதோ ஒன்றுமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தீசிஸ் கைடு அவர், லீவில் கையெழுத்துப் போடுபவர் அவர், இன்டர்னல் எக்ஸாமினரும் அவர். அவர் பேரில் குறை இருந்தால் அதை யாரிடம் சொல்வது? அவரிடமேதான்.

ஆனாலும் இந்த முறையைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. இருபது வருஷமாக வந்து போகும் நோயாளியின் கதை அவர் தலையில் இருக்கும். டீனுக்கு நேராகப் போன் போட்டுச் சண்டை பிடிக்கும் தைரியம் அவருக்குத்தான் வரும். ஆசிரியர்கள் மொத்தமே இரண்டு மூன்று பேர் என்றால் வேறு முறையைப் பேசுவதே வீண்.

சுற்றி வரும் நாற்காலி

மத்தியப் பல்கலைக்கழகத் துறைகளில் மூன்று வருஷச் சுழற்சி பழகிப் போன விஷயம். டெல்லி எய்ம்ஸிலும் சண்டிகர் பிஜிஐயிலும் பேராசிரியர்கள் இதையே வெகு காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒருவரே ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தால் அவருக்குக் கீழே இருப்பவர் ஒரு நாளும் தலைமை ஏற்காமலே ரிட்டயர் ஆவார். அந்த ஆதங்கம் நியாயமானது.

ஆசிரியர்களுக்கு நியாயமாக இருப்பது பிஜிக்களுக்கும் நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எம்.டி.யும் மூன்று வருஷம், தலைவர் பதவியும் மூன்று வருஷம். இரண்டும் ஒரே நாளில் தொடங்காததால் நிறைய பேட்ச்களுக்கு நடுவழியில் தலைவர் மாறிவிடுவார். இப்படி ஒரு துறையில் படித்த நண்பன் சொன்னது: முதல் தலைவர் வெள்ளிக்கிழமை செமினார் வைத்தார். அடுத்தவர் அதை எடுத்துவிட்டுப் புதன்கிழமை ஜர்னல் கிளப் கொண்டுவந்தார். முந்தையவர் ஒப்புக்கொண்ட தீசிஸ் தலைப்பில் புதியவருக்கு ஆயிரம் சந்தேகம். அதோடு, இன்றைக்கு யாரைக் கண்டிக்கிறாரோ அவரே நாளைக்குத் தனக்கு மேலே வந்து உட்காருவார் என்று தெரிந்தால் யார்தான் கடுமையான முடிவு எடுப்பார்கள்? "இன்னும் எட்டு மாசம்தானே, அடுத்தவர் பாத்துக்கட்டும்." இந்த வாக்கியத்தை அவன் அங்கே கேட்காத வாரமில்லையாம்.

தனிப் பொறுப்பாளர்

அமெரிக்காவில் சைக்கியாட்ரி பயிற்சி நான்கு வருஷம். அங்கே துறைத் தலைவர் வேறு, பயிற்சி இயக்குநர் வேறு. அங்கீகாரம் தரும் ஏ.சி.ஜி.எம்.இ. அப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று ஆசிரியர் குழு ஒன்று வருஷத்துக்கு இரண்டு தடவை உட்கார்ந்து பார்க்கிறது. பயிற்சி மருத்துவர்களிடம் பெயர் வெளியே வராமல் ஆண்டுதோறும் கருத்தும் கேட்கிறார்கள். இங்கிலாந்திலும் பயிற்சித் திட்ட இயக்குநர் உண்டு. அங்கே மேற்பார்வையாளர் வாரம் ஒரு மணி நேரம் பயிற்சி மருத்துவரோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்பது விதி. வாரம் ஒரு மணி நேரம்! நம் ஓ.பி.யில் அந்த நேரத்துக்குள் ஒரு பெஞ்சு காலியாகி மறுபடி நிரம்பிவிடும்.

நம் ஊரிலும் 'பிஜி கோஆர்டினேட்டர்' என்று ஒருவர் இருப்பார், பெரும்பாலும் இருப்பவர்களிலேயே இளைய அசிஸ்டென்ட் புரொபசர். லாக் புக்கில் கையெழுத்து வாங்குவார், வாட்ஸாப் குரூப்புக்கு அட்மினாக இருப்பார், அதோடு சரி. அதிகாரம் இல்லாத இந்தப் பதவியைவிடப் பதவியே இல்லாதது மேல். பிஜிக்கள் குறையை இவரிடம் சொல்வார்கள், இவரால் ஒன்றும் ஆகாது, சொன்ன செய்தி மட்டும் மேலே போய்ச் சேர்ந்துவிடும்.

பதவி உண்மையா பொம்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் ஒரு சோதனைதான் இருக்கிறது. ட்யூட்டி லிஸ்ட் யார் கையில்?

இரவுக் கணக்கு

மனநலத் துறையில் ராத்திரி வேலை கிடையாது என்று வெளியே ஒரு நினைப்பு. புதுச்சேரியில் ஒரு ராத்திரி கால் டியூட்டி, அதாவது எந்த வார்டிலிருந்து கூப்பிட்டாலும் போய்ப் பார்க்கும் வேலை, பார்த்தால் அது போய்விடும். சரக்கு விலை குறைந்த ஊர். குடியை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுக்கமும் குழப்பமுமாய், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று பிடுங்கிக்கொண்டு ஓடுபவர்கள் மெடிசின் வார்டிலும் சர்ஜரி வார்டிலும் கிடப்பார்கள். கேஷுவாலிட்டியில் தற்கொலை முயற்சிகள். ஒவ்வொன்றுக்கும் போன் கால் வரும்.

வேலை நேரம் பற்றிக் காகிதத்தில் நிறைய இருக்கிறது. மத்திய அரசின் 1992 ரெசிடென்சி உத்தரவு தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரம் 48 மணி என்றது. 2023 என்.எம்.சி. விதிகள் 'நியாயமான நேரம்' என்று பொதுவாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டன. 2024ல் என்.எம்.சி. அமைத்த தேசியப் பணிக்குழு வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. 48 எப்படி 74 ஆயிற்று என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. இருக்கட்டும்.

மூத்தவர் தலைமையில் லிஸ்ட்டை சீனியர் ரெசிடென்ட் எழுதுவார், முதல் வருஷத்துக்காரர் தலையில் ராத்திரிகள் விழும், சார் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். எங்கள் இடத்தில் அப்படித்தான் நடந்தது. சுழற்சியில் பழைய லிஸ்ட்டே தேதி மாறித் தொடரும். பொறுப்பாளரே எழுதும் இடத்தில்தான் ராத்திரி முழுக்க விழித்தவரை மறுநாள் காலைக் கேஸ் பிரசன்டேஷனில் நிற்க வைக்காமல் இருக்க முடிகிறது. ஏனென்றால் வகுப்பு அட்டவணையும் ட்யூட்டி லிஸ்ட்டும் ஒரே மேசையில் இருக்கின்றன.

பாஷை

இது இந்தப் பகுதிக்கே உரிய விவகாரம். ஐ.என்.ஐ. செட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி இந்தியா முழுக்க இருந்து புதுச்சேரிக்கு வருகிறார்கள். அறுவை சிகிச்சைக்கு வந்தவர் "வலிக்குதா, எங்க?" என்று கற்றுக்கொண்டால் ஓரளவு தப்பிக்கலாம். எங்கள் துறையில் பாஷைதான் ஸ்டெதஸ்கோப். "உள்ளுக்குள்ள எரியுது", "தலை பாரம்", "காத்துல பேசறாங்க", "செய்வினை வச்சிட்டாங்க" என்பதையெல்லாம் நர்ஸ் மொழிபெயர்த்துச் சொன்னால் பாதி அர்த்தம் வழியிலேயே கொட்டிவிடும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை தவறாமல் போய்விட்டு நாலாவது மாதம் ஓ.பி.க்கு வரும் குடும்பத்திடம் அதைப் பற்றி எப்படிக் கேட்பது, எந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்பதெல்லாம் மொழிபெயர்ப்பில் வராது. முதல் மூன்று மாதம் தமிழ் வகுப்பு, பக்கத்தில் ஒரு தமிழ் பிஜி, வாரம் ஒரு இன்டர்வியூவை ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது என்று ஏற்பாடு செய்ய மெனக்கெட ஓர் ஆள் வேண்டும். பலன் தெரிய ஒரு வருஷமாவது ஆகும், சுழற்சித் தலைவர் அதற்குள் பாதி தூரம் போயிருப்பார்.

நோயாளி இறந்துபோனால்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் புதுச்சேரியின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 29.7. நாட்டின் சராசரி 12.4. இங்கே பயிற்சி எடுக்கும் மனநல மருத்துவர் தான் பார்த்த ஒரு நோயாளியை இப்படி இழக்காமல் மூன்று வருஷத்தை முடிப்பது கஷ்டம்.

எனக்கு அது முதல் வருஷத்திலேயே நேர்ந்தது. டிஸ்சார்ஜ் எழுதிய கை என்னுடையது. செய்தி வந்ததும் சார் ஃபைலை எடுத்துவரச் சொன்னார். "ரிஸ்க் அசெஸ்மெண்ட் எழுதியிருக்கியா?" எழுதியிருந்தேன். "அப்ப சரி" என்றார். அவர் கெட்டவர் இல்லை. டீன் கேட்டால், குடும்பம் கேட்டால், போலீஸ் கேட்டால் என்று என்னைக் காப்பாற்றத்தான் ஃபைலைத் தேடினார். அன்று ராத்திரி எனக்குத்தான் கால் டியூட்டி. அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

சுழற்சி இருந்த துறையில் நண்பனுக்கும் இதே மாதிரி ஒன்று நடந்தது. கேஸ் ரிவ்யூ மீட்டிங் வைக்க முடிவு செய்து, தலைவர் மாறும் நேரம் என்று தள்ளிப் போட்டார்கள். அது கடைசிவரை நடக்கவில்லை.

தனிப் பொறுப்பாளர் இருந்த துறையில் படித்த ஒரு ஜூனியர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. பொறுப்பாளர் மேடம் அன்று சாயங்காலமே கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்தாராம். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். இரண்டு நாள் ட்யூட்டியை வேறொருவர் பெயருக்கு மாற்றினார். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் குடும்பத்தைப் பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்து நிதானமாக ரிவ்யூ.

ஆனால் அதே ஜூனியர் இன்னொன்றும் சொன்னார். மருத்துவக் கண்காணிப்பாளர் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியபோது மேடம் கையில் ஒன்றும் இல்லை. துறைத் தலைவர் நேரில் போய்ப் பேசித்தான் அது அடங்கியது.

என் கணக்கு

அதனால் மூன்றாவது முறைக்கே என் ஓட்டு, இரண்டு நிபந்தனைகளோடு. லிஸ்ட் பொறுப்பாளர் கையில் இருக்க வேண்டும், வெளியே இருந்து அடி வரும்போது குறுக்கே நிற்க ஒரு மூத்தவர் வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் நான் படித்த பழைய முறையே மேல், அந்த நாலு தடவைக்காகவாவது. சுழற்சியை நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் வைத்துக்கொள்ளட்டும். மனநலப் பயிற்சிக்கு அதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவர் விசாரித்த துறையில் இரண்டாம் வருஷம் படிப்பவர் யாரிடமாவது மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். போன மாத நைட் லிஸ்ட்டை யார் எழுதினார்? நீங்கள் இன்டர்வியூ எடுக்கும்போது ஆசிரியர் கடைசியாகப் பக்கத்தில் உட்கார்ந்தது எப்போது? நோயாளி இறந்தபோது முதலில் உங்களிடம் வந்தது யார்?

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "லிஸ்ட் அவங்களே எழுதிக்கறாங்களாம் அண்ணா, சார் கையெழுத்து மட்டும்தான். ரெண்டாவது கேள்விக்கு அந்தக்கா சிரிச்சுட்டாங்க."

"மூணாவது?"

"கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், 'யாரும் வரலம்மா, வாட்ச்மேன் அண்ணன்தான் டீ வாங்கிட்டு வந்து குடுத்தாரு'ன்னாங்க."

சீட்டை அங்கேயேதான் எடுத்திருக்கிறார். நெல்லிக்குப்பத்தில் அம்மா தனியாக இருக்கிறார், வாரம் ஒரு தடவையாவது வீட்டுக்கு வர வேண்டுமாம்.