பசுமை ஹைட்ரஜன்: கப்பலுக்கா, வண்டிக்கா, வயலுக்கா?

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு சிறிய பசுமை ஹைட்ரஜன் நிலையத்தைத் திறந்தார்கள். காற்று, வெயிலிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பதுதான் பசுமை ஹைட்ரஜன். செலவு 3.87 கோடி ரூபாய். மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் கிடைக்கும். எடையில் சொன்னால் ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜ் செய்யவும் அது போதும். நாடு வைத்திருக்கும் இலக்கோ 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். 2023 ஜனவரி 4 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் கணக்கு அது. ஒதுக்கீடு 19,744 கோடி.

எவ்வளவு தயாரிப்பது என்பதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. தயாரித்ததை முதலில் யாருக்குக் கொடுப்பது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. ஏனென்றால் இது மலிவான சரக்கு இல்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். 50 லட்சம் டன்னுக்குக் கணக்குப் போட்டால் 25,000 கோடி யூனிட். தமிழ்நாடு முழுவதும் ஓராண்டில் செலவழிப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அத்தனை காற்றையும் வெயிலையும் எந்த வேலைக்குக் கொடுக்கப் போகிறோம்?

முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அமோனியாவாக்கி ஏற்றுமதி செய்வது, வண்டிகளுக்கு எரிபொருளாக்குவது, உர ஆலைகளுக்குக் கொடுப்பது.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சென்னை ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உருவான ஹைட்ரஜன் ரயில் 2,400 கிலோவாட் திறன் கொண்டது. ஹரியானாவின் ஜிந்த் - சோனிபட் பாதைக்காகக் கட்டப்பட்டது. நம் ஊர்த் தொழிலாளர்களின் கைத்திறனைப் பார்த்தால் பெருமையாக இருக்கிறது. ஆனால் நாட்டின் அகல ரயில்பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டன. மேலே கம்பியில் மின்சாரம் ஓடும்போது, அதே மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, அழுத்தி, தொட்டியில் ஏற்றி, வண்டிக்குள் மறுபடி மின்சாரமாக்கினால் வழியிலேயே பாதிக்கு மேல் போய்விடும். நகரப் பேருந்துக்கும் இதே கதைதான். பேட்டரி அந்த வேலையைக் குறைந்த மின்சாரத்தில் முடித்துவிடுகிறது. ஆய்வுக்காகச் சில வண்டிகள் ஓடட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

ஏற்றுமதியை அப்படித் தள்ளிவிட முடியாது, அதன் பக்கம் உண்மையான நியாயம் இருக்கிறது. ஜப்பான் 2017-லேயே தேசிய ஹைட்ரஜன் திட்டம் வெளியிட்ட நாடு. ஜெர்மனி 2023-ல் திருத்திய திட்டத்தில், 2030-ல் தன் தேவையில் 50 முதல் 70 சதவீதம் வெளியிலிருந்துதான் வரும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. டாலரில் வாங்குபவர் நீண்டகால ஒப்பந்தம் போட்டால் வங்கி தைரியமாகக் கடன் தரும், ஆலை எழும்பும். ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும், அமோனியாவுக்கு மைனஸ் 33 போதும். அதனால்தான் எல்லோரும் அமோனியாவாகக் கப்பலேற்றப் பார்க்கிறார்கள். தூத்துக்குடியில் ஆண்டுக்கு 2 லட்சம் டன் பசுமை அமோனியா தயாரித்து ஜப்பானுக்கு அனுப்ப, செம்ப்கார்ப் நிறுவனம் சோஜிட்ஸ், கியூஷு மின்நிறுவனம் ஆகியவற்றோடு 2024-ல் கைகோத்தது.

சரி, அங்கே போய் அது என்ன ஆகும்? ஜப்பானின் ஹெகினான் அனல்மின் நிலையத்தில் 2024-ல் நிலக்கரியோடு 20 சதவீதம் அமோனியா கலந்து எரித்துச் சோதித்தார்கள். ஒரு கிலோ பசுமை அமோனியா தயாரிக்க நமக்குச் சுமார் 10 யூனிட் ஆகிறது. அது கப்பலேறிப் போய் அனல்மின் நிலையத்தில் எரிந்தால் திரும்பக் கிடைப்பது 2 யூனிட் சொச்சம். இங்கே நம் காற்றாலை மின்சாரம் நேராக ஒரு நிலக்கரி நிலையத்தைக் குறைத்து ஓட்டவைத்தால் 10 யூனிட்டுக்கு ஏறக்குறைய 10 யூனிட் மிச்சம். உலகத்தின் புகையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இந்த வியாபாரம் எனக்கு உறுத்துகிறது. தவிர, பசுமை ஹைட்ரஜன் திட்டங்களுக்கு, மாநிலங்களுக்கு இடையே மின்சாரம் கொண்டுசெல்லும் கட்டணத்தை 25 ஆண்டுகளுக்கு நாம் தள்ளுபடி செய்கிறோம். அந்தப் பாரம் மற்ற மின்நுகர்வோர் தலையில்தான் இறங்கும்.

உரத்தில் இந்தச் சேதாரம் இல்லை. அங்கே அமோனியா எரிவதில்லை, பயிருக்குப் போகும் தழைச்சத்தே அதுதான். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கிலோ ஹைட்ரஜனுக்கும் 9 - 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது; நம் பசுமைத் தரத்தின் வரம்பு 2 கிலோ. இந்த வித்தியாசம் முழுவதும் உரத்தில் அப்படியே லாபமாகிறது.

ஆனால் உரம் என்றதும் யூரியாவை நினைத்துவிடக் கூடாது, சிக்கலே அங்கேதான். யூரியாவுக்கு அமோனியாவோடு கார்பன் டை ஆக்சைடும் வேண்டும். எரிவாயுவில் ஓடும் ஆலையில் அது கூடவே கிடைத்துவிடுகிறது. ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து எடுத்தால் அது கிடைக்காது. தூத்துக்குடி ஸ்பிக் போன்ற யூரியா ஆலையில் இன்று பசுமை அமோனியாவைக் கொஞ்சம் கலக்கலாம், முழுக்க மாற்ற முடியாது. தழைச்சத்தோடு மணிச்சத்தும் சேர்ந்த டி.ஏ.பி.யும் காம்ப்ளக்ஸ் உரங்களும் வேறு. அவற்றுக்கு அமோனியாவோடு கார்பன் டை ஆக்சைடு வேண்டியதில்லை, அந்த அமோனியாவையும் பெருமளவு இறக்குமதிதான் செய்கிறோம். 2022-ல் உக்ரைன் போரின்போது அந்த அமோனியா டன் 1,000 டாலரைத் தாண்டியது. மூட்டை விலை ஏறியதும் மானியம் வீங்கியதும் உழவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2025-ல் மத்திய அரசின் சூரிய ஆற்றல் கழகம் 13 உர ஆலைகளுக்காக, ஆண்டுக்கு 7.24 லட்சம் டன் பசுமை அமோனியாவுக்கு ஏலம் நடத்தியது. முதல் ஏலத்தில் வந்த விலை கிலோ 55.75 ரூபாய். முந்தைய ஆண்டு, வெளிநாட்டிலிருந்து பசுமை அமோனியா வாங்க ஜெர்மனி நடத்திய ஹெச்2குளோபல் ஏலத்தில் வந்தது 100.28 ரூபாய். இரண்டும் ஒரே மாதிரி ஏலம் இல்லை என்றாலும், உள்ளூரில் வாங்க ஆளிருந்தால் விலை இறங்கும் என்பதற்கு இது ஓர் அடையாளம். பத்தாண்டு ஒப்பந்தம் என்பதால் ஆலை கட்டுபவருக்கும் நிம்மதி. கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இதே வரிசையில் அடுத்து வரலாம். அவை ஏற்கெனவே எரிவாயு ஹைட்ரஜனை நம்பித்தான் இருக்கின்றன.

ஆகவே என் வரிசை: முதலில் காம்ப்ளக்ஸ் உரம், அடுத்து சுத்திகரிப்பு ஆலை, இரண்டும் நிறைந்தபின் கப்பல். ஏற்றுமதியிலும் உரத்துக்கோ ரசாயனத்துக்கோ வாங்குபவருக்கு முன்னுரிமை.

அப்புறம் தண்ணீர். தூத்துக்குடிக்காரர்களுக்கு இது தனிக் கவலை. ஸ்ரீவைகுண்டம் தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. அங்கே வயலுக்கும் ஆலைக்கும் நடக்கும் தண்ணீர்த் தகராறு பழையது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ரசாயனக் கணக்கில் 9 லிட்டர், குளிர்விப்பதையும் சேர்த்தால் 20 லிட்டரைக்கூடத் தாண்டும். கடல்நீரை 1,000 லிட்டர் நன்னீராக்க 3 - 4 யூனிட் ஆகும். அப்படியானால் அந்த 20 லிட்டருக்கு ஆவது பத்தில் ஒரு யூனிட்கூட இல்லை. 50 யூனிட் செலவழிக்கும் ஆலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கடலோர ஆலை ஆற்றிலிருந்து ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது என்பதை ஏலத்தின் முதல் நிபந்தனையாகவே எழுதிவிடலாம்.